பூட்டாமல் விட்ட கார்

ஹாகோடதே துறைமுகத்தில் அன்று பனி மேலிருந்து விழவில்லை. கடல் பக்கமிருந்து குறுக்காகப் பறந்து வந்தது. மதியக் கப்பலுக்கு மசாயோ சீக்கிரமே வந்துவிட்டாள். சீட்டு கொடுக்கும் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அலை ஜாஸ்தியா இருக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல" என்றாள் மசாயோ.

கணவர் யோஷிஹரு இறந்த பிறகு வந்த இந்த இரண்டு குளிர்காலங்களில் அவள் யாருக்கும் வேறு பதில் சொன்னதாக நினைவில்லை.

அவளிடம் இருந்தது ஓர் இளம்பச்சைச் சின்னக் கார். யோஷிஹரு கடைசியாக வாங்கியது. அந்தப் பகுதியில் கார் திருட்டு நடக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதில் அலாரம் மாட்டினார். அவர் இருந்தவரை அது வாயைத் திறந்ததில்லை. அவர் போன பிறகுதான் ஆரம்பித்தது. கூரையில் சேர்ந்த பனி சரிந்து பானட்டில் விழுந்தால் கத்தும். காற்று அடித்தால் கத்தும். ஆலங்கட்டி விழுந்தால் தெருவே எழுந்து உட்காரும் அளவுக்கு அலறும். மசாயோ இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், ரிமோட்டில் எதையாவது அழுத்தி அதை அடக்குவாள். பிறகு இருட்டில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பாள்.

பட்டறைக்காரர் இரண்டு தடவை அதன் உணர்திறனைக் குறைத்துவைத்தார். பயனில்லை. "கழட்டிப் போட்டுடவா?" என்று அவர் கேட்டபோது மட்டும் மசாயோவுக்கு மனம் வரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் போனாலும் அவர் வண்டி உங்கள விடாது போலிருக்கே" என்று எதிர்வீட்டு இசோபே அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டு ஜன்னலில் கனமான திரை தொங்கியது.

அதனால்தான் இந்தப் பயணம். கடலுக்கு அந்தப் பக்கம் கோஷோகவாராவில் யோஷிஹருவின் தம்பி தெய்சோ இருந்தார். ஆப்பிள் தோட்டக்காரர், தனி ஆள். காரை அவரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு.

கப்பலின் அடித்தளத்தில் கார்களை ஏற்றினார்கள். டீசல் நாற்றமும் துருவின் வாடையும் ஈர ரப்பரின் மணமும் கலந்த பெரிய இரும்புக் கூடம் அது. ஒரு ஜன்னல் கிடையாது. மஞ்சள் விளக்குகள் மட்டும். ஆரஞ்சு நிறக் கோட்டு போட்ட ஒருவர் கையசைத்து அவள் காரை ஒரு வரிசையின் நடுவில் நிறுத்தச் செய்தார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சங்கிலியால் தரையோடு பிணைத்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் நருமி என்று பெயர் இருந்தது.

மேலே பொது அறையில் நாற்காலிகள் இல்லை. கம்பளம் விரித்த தரைதான். பயணிகள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் போர்வையை இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் படம் வருவதும் போவதுமாக இருந்தது. மசாயோ இயந்திரத்தில் சூடான சோள சூப் ஒரு டப்பா வாங்கி, குடிக்காமல் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் வளைகுடாவைத் தாண்டியதும் கடல் தன் வேலையைக் காட்டியது. தரை மெதுவாக எழும்பும். அப்படியே ஒரு கணம் நிற்கும். பிறகு வயிற்றைக் கீழே விட்டுவிட்டு இறங்கும். உட்கார முடியாமல் மசாயோ படுத்தாள். காதைக் கம்பளத்தில் வைத்தபோதுதான் அது கேட்டது.

கீழே ஏதோ ஒரு கார் கத்திக்கொண்டிருந்தது.

கப்பல் ஆடினால் அலாரம் அடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். யாருடையதோ. பாவம், அவர்களும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

அது நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து வேறொரு கார், வேறொரு குரலில். இது முன்னதைவிடக் கொஞ்சம் அருகில் கேட்டது. அதுவும் நின்றது. பிறகு இன்னொன்று, இன்னும் அருகில்.

ஒரே சமயத்தில் இரண்டு கத்தவில்லை. எப்போதும் ஒன்றே ஒன்றுதான். ஒன்று முடிந்து, நாலைந்து அடி நடக்கிற நேரம் கழித்து, அடுத்தது.

பிறகு அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கீச்சுக் குரல் தரைக்கு நேர் கீழே எழுந்தது.

மசாயோ பழக்கத்தில் எழுந்து கோட்டைத் தேடினாள். அதற்குள் ஒலிபெருக்கி, ஹாகோடதே எண் கொண்ட இளம்பச்சைக் காரின் உரிமையாளரை வரவேற்பு மேஜைக்கு அழைத்தது. அங்கே நருமி கைவிளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க. எப்பவும் இப்படித்தான் மானத்த வாங்குது."

"கடல் அப்படி இருக்கு. நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றார் அவர். "பயணத்துல கீழ போகக் கூடாது. நான் கூட வர்றதால பரவாயில்ல. கம்பியப் பிடிச்சுக்கிட்டே வாங்க."

இரும்புக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சங்கிலிகள் முனகின. எங்கோ ஒரு மீன் லாரியின் குளிர்ப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. வரிசைகளுக்கு நடுவில் ஆள் ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத்தான் இடம். அவள் கார் விளக்குகளைச் சிமிட்டிச் சிமிட்டிக் கத்திக்கொண்டிருந்தது. மசாயோ ரிமோட்டை அழுத்தினாள். பூட்டுகள் விடுபட்டன. சத்தம் நின்றது.

"மத்ததெல்லாம் அரை நிமிஷத்துல தானா அடங்கிடுது. உங்களுது மட்டும் விடாம கத்துது" என்றார் நருமி. "சரி, பூட்டிட்டு வாங்க."

"பூட்டினா மறுபடி கத்தும். இதுல பூட்டறதும் அலாரம் போடறதும் ஒரே பட்டன்."

"கத்தட்டும்."

காதில் சரியாக விழவில்லையோ என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கத்தட்டும்மா. பேட்டரி இறங்கிப் போனா நான் ஏத்தித் தர்றேன். பூட்டாம மட்டும் விட்டுடாதீங்க."

"இங்க யாரும் வரமாட்டாங்கதானே? யார் வந்து திருடப் போறா?"

நருமி வேறு எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பல் அப்போது இரண்டு அலைகளுக்கு நடுவில் அசையாமல் நின்றது. சங்கிலிகள்கூட அடங்கியிருந்தன.

அந்த அமைதியில், அவள் காருக்கு அடுத்த வெள்ளைக் காரின் கதவுப் பிடி மெல்ல மேலே எழுந்தது.

டக்கென்று விழுந்தது.

வெள்ளைக் கார் அலற ஆரம்பித்தது.

நருமி அவள் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதருகே குனிந்து பேசினார்.

"கப்பல் ஆடறப்ப கத்தினா அது அலை. ஆடாதப்பவும் கத்துது பாருங்க. அது அலையில்ல."

"பின்ன யாரு?"

"தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவங்க ஒரு பொம்பளைன்னு சொல்வாங்க. புருஷன்கூட கார்ல ஏறுனாங்களாம். நடுவுல என்ன சண்டையோ. அக்கரை வந்ததும் அந்த ஆள் மட்டும் கீழ வந்து வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இவங்க வந்து ஒவ்வொரு வண்டியா எட்டிப் பாத்தாங்களாம். இதுவா, இதுவான்னு. எல்லா வண்டியும் போயிடுச்சு. அப்புறம் அவங்க எந்தப் பக்கம் இறங்கிப் போனாங்கன்னு யாரும் பாக்கல."

வெள்ளைக் கார் அடங்கியது.

"கடல் கெட்ட நாள்ல மட்டும்தான். கதவு கதவா இழுத்துப் பாக்கறதோட சரி. எதுவும் திறக்காது, கரை வந்துடும். அவ்வளவுதான். பயப்பட ஒண்ணுமில்ல."

ஆனால் அவர் கை அவள் முழங்கையை விடவில்லை.

வரிசையில் இன்னும் தள்ளி ஒரு கார் கத்தியது. நருமி கைவிளக்கை அந்தப் பக்கம் திருப்பினார். மசாயோவின் கட்டைவிரல் ரிமோட்டின் பட்டன்மேல் இருந்தது. அழுத்தினால் பூட்டும். பூட்டினால் மறுபடி கத்தும். மறுபடி ஒலிபெருக்கி கூப்பிடும். படுத்திருக்கும் அத்தனை பேர் நடுவில் மறுபடி எழுந்து, தலை குனிந்து, கம்பியைப் பிடித்து இறங்கி வர வேண்டும். இரண்டு வருஷமாக இதே வேலை. அவளுக்கு அலுத்துவிட்டது.

அது மட்டும்தானா என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால் அவளால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டு போன அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, பயத்துக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று அவளுக்குள் அசைந்தது.

ரிமோட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"பூட்டிட்டீங்களா?"

"ம்" என்றாள்.

பொது அறையில் அவள் மறுபடி கம்பளத்தில் காதை வைத்துப் படுத்தாள். வேண்டாம் என்று நினைத்தும் வைத்தாள். கீழே சத்தம் வரிசையின் கோடிவரை போனது. பிறகு அதே வரிசையில் திரும்பி வந்தது. ஒரு கார், ஒரு கார், ஒரு கார். அவசரமே இல்லை. எத்தனையோ பயணங்களாகப் பழகிப்போன நடை.

அது அவளுக்கு நேர் கீழே வந்தது.

கப்பல் எழும்பி நின்றது.

கதவு திறக்கும் ஓசை கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் மூடிய ஓசை கேட்டது. யோஷிஹரு எப்போதும் சொல்வார், இந்த வண்டிக் கதவை அடித்துச் சாத்தாதே, மெல்லத் தள்ளினாலே போதும் என்று. அப்படி மெல்லத் தள்ளிச் சாத்திய ஓசை.

அதன்பிறகு எந்தக் காரும் கத்தவில்லை.

அலை குறையவில்லை. ஒரு மூலையில் யாரோ பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். காலி டப்பா ஒன்று அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு போய்த் திரும்பி வந்தது. ஆனால் கீழே அமைதி. முன்பு கேட்ட சத்தத்தைவிட அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நருமி வந்தார். ஈரப் பூட்ஸைக் கம்பளத்துக்கு வெளியே வைத்து, ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அறையில் வேறு யாரையும் பார்க்காமல் நேரே அவளைப் பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சு."

"நல்லதுதானே."

"எட்டு வருஷமா இந்தக் கப்பல்ல இருக்கேன். கடல் இப்படி இருக்கறப்ப நின்னதில்ல."

மசாயோ கைகளில் இருந்த ஆறிப்போன டப்பாவைப் பார்த்தாள். "நான் பூட்டல" என்றாள்.

அவர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "கரை வர்ற வரைக்கும் கீழ வராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவோமோரியில் கப்பல் கட்டும்போது வெளியே முழு இருட்டு. ஓட்டுநர்களைக் கீழே அழைத்தபோது மசாயோ எல்லோருக்கும் கடைசியாக இறங்கினாள். அவள் காரின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. நருமி உள்ளே கைவிளக்கை அடித்து, இருக்கைக்கு அடியிலும் பின்பக்கப் பெட்டியிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். அப்புறம் தயங்கி, "ஒண்ணு பண்ணலாம். சாவிய எங்கிட்ட குடுங்க, வண்டிய நான் கரையில இறக்கி ஓரமா விடறேன். இன்னிக்கு நீங்க ரயில்ல போயிட்டு, நாளைக்கு வெளிச்சத்துல யாரையாவது கூட்டிக்கிட்டு வந்து எடுத்துக்கங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசித்தாள்.

"பரவாயில்ல. ஒரு மணி நேரம்தான். கொழுந்தனார் காத்துக்கிட்டிருப்பார்."

பின்னால் மீன் லாரி ஹார்ன் அடித்தது. நருமி கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். சங்கிலியை அவிழ்த்தார். அவள் சரிவுப் பாலத்தில் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தாள். மற்ற கார்களுக்கெல்லாம் விளக்குக் கோலை அசைத்து வழிவிட்ட மனிதர், கோலைத் தாழ்த்திக்கொண்டு, இடுப்புவரை குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

நகரத்தைத் தாண்டியதும் சாலை வெள்ளையானது. சமவெளியில் விழுந்த பனியைக் காற்று தரையிலிருந்து வாரி எடுத்து வீசிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கார் இல்லை, பின்னால் ஒரு விளக்கு இல்லை. சாலையின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக மேலே தோன்றி மறைந்தன. துடைப்பான் இடமும் வலமும் அலைந்தது. ஹீட்டரை எவ்வளவு கூட்டியும் இடது பக்கம் மட்டும் சில்லிட்டே இருந்தது.

டிங்.

மசாயோ முன்பலகையைப் பார்த்தாள்.

டிங். டிங். டிங்.

சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கைப்பை பின்னால் கிடந்தது. அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் இடக்கையை நீட்டி இருக்கையைத் தொட்டாள். துணி நனைந்திருந்தது. நடுவில் அமுங்கியிருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

வண்டியை நிறுத்தி இறங்கி ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. எங்கே ஓடுவது? வெளியே வெள்ளையும் காற்றும் மட்டும். டிங், டிங் என்று அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சாலையோரக் கடை ஒன்றின் வெளிச்சம் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. அங்கே ஒதுக்கி நிறுத்தினாள். கதவைத் திறக்கப் பிடியில் கை வைத்தாள்.

அப்போது பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. மறுபடி விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் இழுக்கும் மூச்சு.

மசாயோ அந்த மூச்சை அறிந்திருந்தாள். மருத்துவமனையில் யோஷிஹருவைக் கொண்டுபோன பிறகு, காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அப்படித்தான் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

பிடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு இடப்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, எதன்மேலும் கை படாமல் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினாள்.

டிங் ஓசை நின்றது.

பெல்ட் இருக்கையில் தட்டையாகப் படியவில்லை. கொஞ்சம் எழும்பியது. இறங்கியது. எழும்பியது.

"இன்னும் அரை மணி நேரம்" என்றாள் மசாயோ, முன்னால் பார்த்தபடியே. "குளிரா இருந்தா சொல்லு."

தெய்சோ பனி வாரும் மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். "இந்தப் புயல்ல தனியா எப்படித்தான் ஓட்டிக்கிட்டு வந்தீங்க அண்ணி. வாங்க, வாங்க. மிசோ சூப் கொதிக்குது."

"வண்டி ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றாள் அவள். "ஹீட்டரை அணைக்க வேணாம்."

அவர் ஒருமாதிரி பார்த்தார். ஆனால் அண்ணியிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். உள்ளே அடுப்பு கனகனவென்று எரிந்தது. மசாயோ கோட்டோடே உட்கார்ந்தாள். வண்டியைத் தருவதில்லை, நாளைக்கு அதிலேயே திரும்பிப் போகிறேன் என்று அவள் சொன்னபோது தெய்சோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஊரையே எழுப்புது, வச்சுக்க முடியலன்னு நீங்கதானே போன்ல அழுதீங்க?"

"இனிமே கத்தாது."

"அது எப்படித் தெரியும்?"

அவள் சூப்பைக் குடித்தாள். நெடுநாளைக்குப் பிறகு உப்பும் சூடும் நாக்கில் தெரிந்தன.

"சரி, உங்க இஷ்டம். பெட்ரோலாவது மிஞ்சட்டும், அணைச்சுட்டு வர்றேன்" என்று தெய்சோ எழுந்தார். அவள் தடுப்பதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே காற்றின் இரைச்சல். அதற்கு நடுவில் கண்ணாடியைத் தட்டும் ஓசை. கொஞ்சம் பொறுத்து, மறுபடி தட்டும் ஓசை. மசாயோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

தெய்சோ தலையிலும் தோளிலும் பனியோடு வாசற்படியில் வந்து நின்றார். முகத்தில் பயமில்லை. விருந்தாளியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்ற கூச்சம்தான் இருந்தது.

"ஏன் அண்ணி, கூட ஆள் வந்திருக்காங்கன்னு சொல்லக் கூடாதா? உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வாங்க, சாப்பிடலாம்னு எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டேன்" என்றார். "தலைய மட்டும் ஆட்டறாங்க. இறங்க மாட்டேங்கறாங்க."